வீட்டுத் தொட்டியில் பவளம் வளர்ப்பது: முதல் உப்புநீரிலிருந்து முதல் ஃப்ராக் (வெட்டி வளர்க்கும் பவளத் துண்டு) வரை

இரவு விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் ஆனபின், மங்கிய சிவப்பு டார்ச் ஒன்றை எடுத்துக்கொண்டு பவளத் தொட்டியின் முன்னால் உட்கார்ந்து பாருங்கள். பகலெல்லாம் வழவழப்பான கல் மாதிரி கிடந்த மூளைப் பவளத்தின் ஓரங்களிலிருந்து கண்ணாடி நூல் போன்ற உணர்கொம்புகள் வெளியே வந்திருக்கும். நீரில் மிதந்து வரும் ஒரு துணுக்கு பட்டவுடன் அந்தக் கொம்பு சுருண்டு, துணுக்கை வாய்ப் பக்கம் இழுத்துக்கொள்ளும். நம் வீட்டில் இருப்பது ஒரு விலங்கு என்பது அப்போது நன்றாக உறைக்கும்.

அந்த விலங்கின் பெயர் பாலிப். அதன் சதைக்குள் சூசாந்தெல்லே என்ற ஒற்றைச்செல் பாசிகள் குடியிருக்கின்றன. வெளிச்சத்தில் அவை தயாரிக்கும் சர்க்கரையில் பெரும்பகுதி பாலிப்புக்குப் போகிறது. கல் பவளங்கள் அந்தச் சக்தியைக் கொண்டு, நீரில் கரைந்திருக்கும் கால்சியத்தையும் கார்பனேட்டையும் எடுத்துத் தங்கள் எலும்புக்கூட்டைக் கட்டிக்கொள்கின்றன. அதனால் பவளத்துக்கு வேண்டியவை வெளிச்சம், நீரோட்டம், நிலையான நீர். இவற்றில் நிலையான நீர்தான் எல்லோருக்கும் கடினமாக இருக்கிறது. எண்கள் கொஞ்சம் முன்னே பின்னே இருந்தாலும் பவளம் தாங்கும். எண்கள் ஆடினால் தாங்காது. கீழே சொல்லும் ஒவ்வொரு படியும் அந்த ஆட்டத்தைக் குறைப்பதற்காகத்தான்.

படி 1: தொட்டி

முதல் தொட்டி சின்னதாக இருக்கட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். நான் 200 லிட்டரை ஒட்டிய தொட்டியைத்தான் சொல்வேன். காரணம் எளிய கணக்கு. 40 லிட்டர் தொட்டியில் ஒரு லிட்டர் நீர் ஆவியானால், ஆயிரத்துக்கு 35 பங்கு இருந்த உப்பு 35.9 ஆகிவிடும். 200 லிட்டரில் அதே ஒரு லிட்டர் போனால் 35.2 கூட ஆகாது. ஆவியாவது நீர் மட்டும்தான், உப்பு அப்படியே தங்கிவிடும். அதனால் குறைந்த அளவை எப்போதும் நன்னீரால் நிரப்ப வேண்டும், உப்புநீரால் நிரப்பக் கூடாது. இதைத் தானாகச் செய்யும் ஆட்டோ டாப்-ஆஃப் கருவியை முதல் நாளே வாங்கிவிடுங்கள். விலை உயர்ந்த விளக்கை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்.

மற்ற கருவிகள்: ஹீட்டர், வெப்பமான இடமாக இருந்தால் நீரைக் குளிர்விக்கும் சில்லர் அல்லது நீர்ப்பரப்பின் மேல் வீசும் விசிறி, நீரோட்டம் உண்டாக்கும் வேவ்மேக்கர் பம்பு இரண்டு, கழிவை நுரையாகப் பிரிக்கும் புரோட்டீன் ஸ்கிம்மர், உப்பின் அளவைக் காட்டும் ரிஃப்ராக்டோமீட்டர். வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸில் நிற்கட்டும். 30 டிகிரியை ஒட்டிச் சில நாள் நீடித்தால் பவளம் பாசியைத் துப்பிவிட்டு வெளுக்கத் தொடங்கும்.

படி 2: நீர்

குழாய்த் தண்ணீரை நேராகப் பயன்படுத்தாதீர்கள். அதில் இருக்கும் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பாசியை வளர்க்கும். செம்பு கொஞ்சம் இருந்தாலும் முதுகெலும்பில்லாத உயிர்களைக் கொல்லும். நீரில் கரைந்திருப்பதை நீக்கும் ஆர்ஓ டிஐ வடிகட்டியிலிருந்து வரும், கரைந்த பொருளின் அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரில் பூஜ்யம் காட்டும் நீரே வேண்டும்.

பெரிய வாளியில் முதலில் நீரை எடுத்து, பம்பு ஓட விட்டு, அதில் உப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். உப்பின் மேல் நீரை ஊற்றினால் கால்சியம் வெள்ளைப் பொடியாகப் படிந்துவிடும். நீர் தெளிந்து, தொட்டியின் வெப்பநிலைக்கு வந்தபின் அளந்து பாருங்கள். ஆயிரத்துக்கு 35 பங்கு, அதாவது ஒப்படர்த்தி 1.026. ரிஃப்ராக்டோமீட்டரை நன்னீரில் பூஜ்யம் பார்த்ததோடு விட்டுவிடாமல், 35 பங்கு என்று குறித்து விற்கும் அளவுத் திரவத்தில் சரிபாருங்கள். பூஜ்யத்தில் சரியாகக் காட்டும் கருவி 35-இல் இரண்டு பங்கு தவறுவது உண்டு.

படி 3: பாறையும் பொறுமையும்

1961-இல் இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங், உயிருள்ள பாறை, சூரிய ஒளி, காற்றுக் குமிழி ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொட்டியில் பவளம் வளர்க்கும் தன் முறையை எழுதி வெளியிட்டார். அன்று பலரால் அதை நம்பவே முடியவில்லை. இன்றைய ரீஃப் (பவளத்) தொட்டிகளும் அடிப்படையில் அந்த வழியில்தான் நடக்கின்றன. பாறையின் துளைகளில் குடியிருக்கும் பாக்டீரியாதான் உண்மையான வடிகட்டி.

பாறையைத் தொட்டியின் கண்ணாடித் தளத்தில் நேரடியாக வைத்து, அசையாமல் ஒட்டி, அதற்குப் பிறகே அரகோனைட் மணலைக் கொட்டுங்கள். மணல் மேல் பாறையை அடுக்கினால், மீனோ இறாலோ அடியில் தோண்டும்போது சரிந்துவிடும். பாறைக் குவியல் சுவர் மாதிரி இருக்க வேண்டாம். இடையில் நீர் பாயக் குகையும் சந்தும் விடுங்கள். பவளம் வளர்ந்தபின் இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு அடுக்குங்கள்.

அடுத்தது சைக்கிள், அதாவது கழிவை மாற்றும் பாக்டீரியாவைத் தொட்டியில் பெருக்குவது. அம்மோனியாவை 2 பிபிஎம் (பத்து லட்சத்தில் 2 பங்கு) அளவுக்குச் சேர்த்து, பாக்டீரியா திரவம் ஊற்றி, காத்திருங்கள். அம்மோனியா நைட்ரைட் ஆகும், நைட்ரைட் நைட்ரேட் ஆகும். சேர்த்த அம்மோனியா ஒரே நாளில் காணாமல் போய், நைட்ரைட்டும் பூஜ்யம் ஆனால் சைக்கிள் முடிந்தது. பொதுவாக 4 முதல் 6 வாரம் ஆகும்.

அதற்குப் பிறகுதான் மனம் தளரும் கட்டம் வரும். மணல் மேல் பழுப்பாக டயாட்டம், அப்புறம் பச்சை முடிப்பாசி, அப்புறம் செந்நிறச் சவ்வு மாதிரி சயனோபாக்டீரியா என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். தொட்டி கெட்டுவிட்டது என்று நினைத்துப் பிரித்துப்போட்டவர்கள் நிறையப் பேர். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். நத்தைகளை விடுங்கள், கையால் பிடுங்குங்கள், நீரை மாற்றுங்கள், காத்திருங்கள். ஒருநாள் பின்பக்கக் கண்ணாடியிலோ பம்பின் மேலோ ஊசிமுனை அளவு ஊதா நிறப் புள்ளி தெரியும். அது கோரலைன் பாசி. அதுவும் கால்சியத்தை எடுத்து வளர்வதுதான். அந்தப் புள்ளி பெருகத் தொடங்கினால் கல் பவளம் வைக்கும் நேரம் நெருங்குகிறது என்று அர்த்தம்.

படி 4: வெளிச்சம்

விளக்கின் வாட்டைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். பவளம் இருக்கும் இடத்தில் விழும், பாசி பயன்படுத்தக்கூடிய ஒளியை 'பார்' (PAR) என்ற அளவில் சொல்வார்கள். காளான் பவளத்துக்கும் பெரும்பாலான மென்பவளங்களுக்கும் 50 முதல் 100, பெரிய பாலிப் கொண்ட எல்பிஎஸ் வகைக்கு 75 முதல் 150, சிறிய பாலிப் கொண்ட எஸ்பிஎஸ் வகைக்கு 200 முதல் 350 போதும். பார் மீட்டர் ஒன்றை ஒருநாள் இரவல் வாங்கியாவது தொட்டி முழுக்க அளந்து, காகிதத்தில் வரைபடம் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். எந்தப் பாறையில் எது என்பதை அதற்குப் பிறகு ஊகிக்க வேண்டியதில்லை.

நிறமாலையில் நீலம் ஓங்கியிருக்கட்டும். பாசி நன்றாகப் பயன்படுத்துவது அந்தப் பகுதியைத்தான். ஒரு நாளைக்கு 8 முதல் 10 மணி நேரம், டைமரில். கையால் போட்டு அணைத்தால் ஒருநாள் மறக்கும்.

பவளமே உங்களுக்குச் சொல்லும். வெளிச்சம் போதாவிட்டால் பாசியைப் பெருக்கிக்கொண்டு பழுப்பாக மாறும், பாலிப் வெளிச்சத்தைத் தேடி நீளும். அதிகமானால் மேல்பக்கம் வெளிறும், சதை உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டில் அதிகமாவதுதான் ஆபத்து. குறைவால் மாதக்கணக்கில் வாடும் பவளம், அதிகத்தால் சில நாளில் வெளுத்துவிடும்.

படி 5: நீரோட்டம்

பவளம் நகர முடியாது. உணவைக் கொண்டுவருவதும் கழிவையும் சளியையும் கழுவிச் செல்வதும் நீர்தான். மென்பவளத் தொட்டிக்கு மணிக்குத் தொட்டிக் கொள்ளளவைப் போல 10 முதல் 20 மடங்கு, எஸ்பிஎஸ் தொட்டிக்கு 30 மடங்குக்கு மேல் என்று தொடங்கலாம். ஒரே திசையில் பீய்ச்சி அடிக்காமல், இரண்டு பம்பின் ஓட்டமும் நடுவில் மோதிக் கலைவது நல்லது. சுத்தியல் பவளத்தின் கொம்புகள் காற்றில் ஆடும் நாற்று மாதிரி அசைய வேண்டும். ஒரு பக்கச் சதை மட்டும் இழுபட்டு எலும்பு தெரிந்தால் உடனே பம்பைத் திருப்புங்கள்.

படி 6: எதில் தொடங்குவது

காளான் பவளம், பச்சை நட்சத்திரப் பாலிப், தோல் பவளம், சோவாந்திட் ஆகியவற்றில் தொடங்குங்கள். இரண்டு மூன்று மாதம் அவை நன்றாக இருந்தால் டங்கன், சுத்தியல் பவளம் மாதிரி எல்பிஎஸ். அதற்கும் மேலே எஸ்பிஎஸ் வகையான மோன்டிபோரா. அதே வகையில் கடினமான அக்ரோபோராவை ஒரு வருடம் நிலையாக ஓடிய தொட்டியில் மட்டும் வையுங்கள் என்பது என் கருத்து. பச்சை நட்சத்திரப் பாலிப்பைத் தனிக் கல்லில், மற்ற பாறையைத் தொடாமல் வையுங்கள். பின்பக்கக் கண்ணாடி வரை பாய் விரித்தாற்போலப் படர்ந்துவிடும்.

இடைவெளியும் முக்கியம். கேலக்ஸியா போன்றவை இரவில் நீளமான துடைப்புக் கொம்புகளை நீட்டி, பக்கத்தில் இருப்பதைக் கொட்டும். சுத்தியல் பவளம் போன்ற யூஃபிலியா வகைக்குச் சுற்றிலும் 15 சென்டிமீட்டராவது விடுங்கள். தோல் பவளங்கள் கொட்டாது, ஆனால் நீரில் வேதிப்பொருளை விட்டு மற்ற பவளங்களின் வளர்ச்சியைத் தடுக்கும். அவை இருக்கும் தொட்டியில் ஆக்டிவேட்டட் கார்பன் எப்போதும் ஓடட்டும்.

வாங்கும்போது தொட்டியிலேயே வளர்த்து வெட்டிய ஃப்ராக்கைக் கேளுங்கள். கடலிலிருந்து பெயர்த்ததைவிடத் தொட்டி வாழ்க்கைக்குப் பழகியிருக்கும், கடலும் தப்பிக்கும். கல் பவளங்கள் எல்லாமே, அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளன. எல்லை தாண்ட அனுமதிச் சீட்டு வேண்டும். சில நாடுகள் வைத்திருப்பதற்கே தடை விதித்துள்ளன. உங்கள் நாட்டுச் சட்டத்தைத் தொட்டி வாங்கும் முன்பே பார்த்துவிடுங்கள்.

உயிரோடு சம்பந்தப்பட்ட ஒரு எச்சரிக்கை. பாலிதோவா, சோவாந்திட் வகைகளில் சிலவற்றில் பாலிடாக்சின் என்ற கொடிய நஞ்சு உண்டு. கையுறையும் பாதுகாப்புக் கண்ணாடியும் இல்லாமல் அவற்றை வெட்ட வேண்டாம். அவை ஒட்டியிருக்கும் பாறையை ஒருபோதும் கொதிக்க வைக்கவோ வெந்நீரில் தேய்க்கவோ கூடாது. அந்த ஆவியைச் சுவாசித்துக் குடும்பமே மருத்துவமனைக்குப் போன சம்பவங்கள் நடந்திருக்கின்றன.

படி 7: வீட்டுக்கு வந்த நாள்

பையை மூடியபடியே 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதக்க விடுங்கள். உப்பின் அளவு வேறாக இருந்தால், தொட்டி நீரைச் சொட்டுச் சொட்டாக அரை மணி நேரம் சேர்த்துப் பழக்குங்கள். பிறகு தொட்டி நீரில் பவள டிப் மருந்தைப் புட்டியில் சொன்ன அளவில் கலந்து, பவளத்தை முக்கி, சிரிஞ்சால் இடுக்குகளில் நீரைப் பீய்ச்சுங்கள். கீழே ஒரு வெள்ளைத் தட்டு இருக்கட்டும். தட்டில் விழுபவற்றை உற்றுப் பாருங்கள். தட்டைப்புழுவும் ஓடற்ற சின்ன நத்தையும் அங்கேதான் முதலில் கண்ணில் படும். டிப் முட்டைகளைக் கொல்லாது. முட்டைகள் பெரும்பாலும் பவளம் ஒட்டியிருக்கும் பீங்கான் பிளக்கின் அடியில் இருக்கும். அதனால் பிளக்கை உடைத்து எறிந்துவிட்டு, புதிய பிளக்கில் ஒட்டுங்கள். தனித் தொட்டி இருந்தால் அங்கே சில வாரம் வைத்து, வாரம் ஒருமுறை டிப்பைத் திரும்பச் செய்வதே பாதுகாப்பு. பிரதான தொட்டிக்கு வந்ததும் முதலில் மணலில், மங்கிய இடத்தில் வைத்து, இரண்டு வாரத்தில் மெல்ல மேலே ஏற்றுங்கள்.

படி 8: எண்களைப் பிடித்து நிறுத்துவது

இதுதான் பவளம் வளர்ப்பின் நடுமையம், நிதானமாகப் படியுங்கள். அல்கலினிட்டி (நீரில் உள்ள கார்பனேட், பைகார்பனேட்டின் அளவு) 7.5 முதல் 9 டிகேஎச் (அதை அளக்கும் அலகு), கால்சியம் 400 முதல் 450 பிபிஎம், மக்னீசியம் 1,280 முதல் 1,400 பிபிஎம், நைட்ரேட் 2 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.03 முதல் 0.1 பிபிஎம். பிஎச் 7.9 முதல் 8.4-க்குள் ஏறி இறங்கும். அதைத் துரத்திக்கொண்டு மருந்து ஊற்ற வேண்டாம்.

இவற்றில் நாடி என்று சொல்லத்தக்கது அல்கலினிட்டி. கல் பவளம் எலும்பு கட்டும்போது கால்சியமும் அல்கலினிட்டியும் ஒரே விகிதத்தில் குறைகின்றன. 1 டிகேஎச் குறைந்தால் கால்சியம் சுமார் 7 பிபிஎம் குறையும். 420-இல் 7 போனால் பரிசோதனைக் கிட்டில் தெரியாது. 8-இல் 1 போனால் பளிச்சென்று தெரியும். அதனால் தொட்டி எவ்வளவு சாப்பிடுகிறது என்பதை அல்கலினிட்டியை வைத்தே அளக்கிறோம்.

அளக்கும் முறை: ஒரே கிட், ஒரே நேரம், தொடர்ந்து நான்கு நாள், எதையும் ஊற்றாமல். முதல் நாள் 8.4, நான்காம் நாள் 7.5 என்றால் மூன்று நாளில் 0.9 குறைந்திருக்கிறது. அதாவது நாளொன்றுக்கு 0.3 டிகேஎச். இனி அந்த 0.3-ஐ தினமும் திரும்பக் கொடுக்க வேண்டும். 100 லிட்டர் நீரில் 1 டிகேஎச் உயர்த்த 3 கிராம் சோடியம் பைகார்பனேட் தேவை. 200 லிட்டர் நீரில் 0.3 உயர்த்த 1.8 கிராம். கால்சியத்துக்கு, 100 லிட்டரில் 10 பிபிஎம் உயர்த்த சுமார் 3.7 கிராம் கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட். இரண்டையும் தனித்தனியே ஆர்ஓ டிஐ நீரில் கரைத்து, நடுவில் இடைவெளி விட்டு, ஓட்டம் அதிகம் உள்ள இடத்தில் ஊற்றுங்கள். ஒன்றாகக் கலந்தால் சுண்ணாம்பாகப் படிந்துவிடும். டோசிங் பம்பு இருந்தால் நாளின் அளவைப் பத்துப் பன்னிரண்டு சிறு பங்காகப் பிரித்துக் கொடுக்கலாம். பவளம் குறைவான தொட்டிக்குச் சுண்ணாம்பு நீர் போதும். நன்னீரில் கால்சியம் ஹைட்ராக்சைடைக் கரைத்து, தெளிந்த நீரை மட்டும் இரவில் சொட்ட விடுவது. அதன் பிஎச் 12-க்கு மேல், ஆகவே சொட்டாக மட்டும். பவளம் நிறைந்த பெரிய தொட்டிக்கு, சுண்ணாம்புத் துண்டுகளைக் கரைத்துத் தரும் கால்சியம் ரியாக்டர்.

என் தொட்டியில் ஒருமுறை அல்கலினிட்டி 6.5-க்கு இறங்கிவிட்டது. பதறிப்போய் ஒரே மாலையில் 9.5-க்கு ஏற்றினேன். மூன்றாம் நாள் காலையில் அக்ரோபோராவின் நுனிகள் எல்லாம் சதை உரிந்து, சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளையாக நின்றன. 6.5-இல் அது உயிரோடுதான் இருந்தது. அதைக் கொன்றது என் அவசரம். அன்றிலிருந்து ஒரு நாளைக்கு 0.5 டிகேஎச்-க்கு மேல் நான் ஏற்றுவதில்லை.

நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருந்தால் நல்லது என்ற எண்ணமும் வேண்டாம். பவளத்துக்குள் இருக்கும் பாசிக்கு அவை உணவு. இரண்டும் பூஜ்யமானால் பவளம் வெளிறும், காலியான இடத்தில் டைனோஃபிளாஜெல்லேட் என்ற நுண்ணுயிர் கிளம்பி, குமிழி கோத்த பழுப்புச் சளியாக மணலை மூடும். அப்போது மீனுக்கு இன்னும் கொஞ்சம் தீனி போடுவதே பல நேரம் நல்ல மருந்து.

படி 9: உணவு

மீன் உள்ள தொட்டியில் பெரும்பாலான பவளத்துக்குத் தனியாக ஊட்ட வேண்டியதில்லை. எல்பிஎஸ் வகைக்கு வாரம் ஒன்றிரண்டு முறை, பம்பை நிறுத்திவிட்டு, வாயளவு மைசிஸ் இறால் கொடுத்தால் வேகமாக வளரும். சூரியப் பவளத்தில் பாசி கிடையாது. ஒவ்வொரு பாலிப்புக்கும் அடிக்கடி ஊட்ட உங்களால் முடியும் என்றால் மட்டும் அதை வாங்குங்கள்.

படி 10: வாரம்தோறும்

தினமும் வெப்பநிலை, நீர்மட்டம். வாரம் இரண்டு முறை அல்கலினிட்டி. வாரம் ஒருமுறை உப்பு, நைட்ரேட், பாஸ்பேட், பத்து சதவீதம் நீர் மாற்றம், கண்ணாடி துடைப்பது, ஸ்கிம்மர் கோப்பை கழுவுவது. மாதம் ஒருமுறை கால்சியம், மக்னீசியம். எல்லாவற்றையும் ஒரு நோட்டில் தேதியோடு எழுதுங்கள். ஒரு பவளம் வாடும்போது, இரண்டு வாரத்துக்கு முன் என்ன மாற்றினோம் என்பதை அந்த நோட்டுதான் சொல்லும்.

படி 11: ஏதோ சரியில்லை என்றால்

தோல் பவளம் திடீரென்று பாலிப்பை மூடிக்கொண்டு, மேலே மெழுகு பூசியது போலப் பளபளத்து, ஒரு வாரம் சுருங்கிக் கிடந்தால் பயப்படாதீர்கள். பழைய மேல்தோலை உரிக்கிறது. ஓட்டத்தைக் கொஞ்சம் கூட்டினால், ஒருநாள் அந்தத் தோல் மெல்லிய காகிதம் போல மிதந்து போகும், மறுநாள் பாலிப் முன்னைவிட நீளமாக விரியும்.

வெளுத்த பவளம் இன்னும் செத்துவிடவில்லை, சதை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் வெளிச்சத்தைக் குறைத்து, சிறிது ஊட்டி, நீரை நிலையாக வைத்தால் மீளலாம். சதை அடியிலிருந்து மெல்ல உரிந்தால் எண்களைச் சரிபாருங்கள். சில மணி நேரத்தில் பட்டையாக உரிந்தால், நல்ல கிளைகளை உடனே வெட்டி எடுத்துத் தனியே ஒட்டுவதே வழி. சுத்தியல் பவளத்தின் தலையில் பழுப்புக் கூழ் தெரிந்தால் அந்தத் தலையைத் தொட்டியிலிருந்து உடனே வெளியே எடுங்கள். இல்லாவிட்டால் பக்கத்துத் தலைக்குத் தொற்றும்.

பாறையில் சின்னஞ்சிறு தென்னை மாதிரி பழுப்பு உயிர் ஒன்று முளைத்திருந்தால் அது ஐப்டேசியா, பவளங்களைக் கொட்டும் தொல்லை. நசுக்காதீர்கள், ஒவ்வொரு துணுக்கும் புதிதாக முளைக்கும். அதற்கென்று உள்ள பசையை வாயிலேயே செலுத்துங்கள், அல்லது அதைத் தின்னும் பெப்பர்மின்ட் இறாலை விடுங்கள்.

படி 12: முதல் ஃப்ராக்

ஒரு வருடம் கழித்து மோன்டிபோராவின் தட்டு, பக்கத்துப் பவளத்தின் மேல் நிழல் விழச் செய்யும் அளவு விரிந்திருக்கும். அதன் விளிம்பில் நூலிழை அகலத்தில் வெளிர் வளையம் தெரிகிறதா? அதுதான் புதிதாக வளரும் பகுதி. அதைத் தொடாமல் பிடித்து, எலும்பு வெட்டும் கத்தரியால் இரண்டு விரல் அகலத் துண்டை வெட்டுங்கள். கண்ணாடி அணிந்துகொள்ளுங்கள், சில்லு தெறிக்கும். வெட்டிய துண்டைத் தொட்டி நீர் எடுத்த கிண்ணத்தில் நன்றாக அலசுங்கள், சளி போகட்டும். அடிப்பக்கத்தை டிஷ்யூவால் ஒற்றி, கெட்டியான சயனோஅக்ரிலேட் பசை வைத்துப் பிளக்கில் அழுத்தி, பத்து விநாடி பிடித்து, நீருக்குள் இறக்குங்கள். மென்பவளத்தைப் பசை பிடிக்காது. அதை உடைந்த சிப்பித் துண்டுகளோடு ஒரு வலைக்கூடையில் போட்டு, ஓட்டம் குறைந்த இடத்தில் வையுங்கள். ஒன்றிரண்டு வாரத்தில் தானாகப் பற்றிக்கொள்ளும்.

புதிய துண்டை நடுத்தர ஒளியில் வைத்து, கை வைக்காமல் விட்டுவிடுங்கள். முதல் வாரம் வெட்டுவாய் வெள்ளையாகவே இருக்கும். பிறகு சதை அந்த வெள்ளையை மூடி, பசையின் மேல் ஏறி, பிளக்கின் பீங்கானில் மெல்லிய கறை போலப் படர ஆரம்பிக்கும். அந்தக் கறையில் ஒரு பாலிப் வாய் திறந்தபின், அதை வேறு பாறைக்கு மாற்றலாம், அல்லது பவளம் வளர்க்கத் தொடங்கும் நண்பர் ஒருவருக்குக் கொடுக்கலாம்.